தவறையும் பழகிவிடும் விரல்கள்

மணிக்கணக்காக வாசித்தும் ஒரு பியானோ பீஸ் ஏன் கைக்கு வருவதில்லை? பெங்களூரின் மாலை நேர வீடுகளில் எழும் இந்தக் கேள்விக்கு, பழகும் முறையில் இருக்கிறது பதில்.

மாலை 5 மணி. மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீடு. பதினோரு வயதுச் சிறுமி பியானோ முன் உட்கார்ந்து ‘மினுவெட் இன் ஜி’ வாசிக்கிறாள். மொத்தம் 32 தாளக் கட்டங்கள். முதல் பாதி தண்ணீர் பட்ட பாடாக ஓடுகிறது. இரண்டாம் பாதியில், 20-வது கட்டத்தில், ‘சி ஷார்ப்’ என்ற கறுப்புக் கட்டை குறுக்கே வரும் இடத்தில் விரல் தடுக்குகிறது. நிறுத்துகிறாள். சரியான கட்டையைத் தேடி அழுத்துகிறாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். மறுபடி 20-வது கட்டம். மறுபடி தடுக்கல். அரை மணி நேரத்தில் இப்படி ஒன்பது முறை.

உள்ளே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும் பாட்டி பொறுமை இழந்து குரல் கொடுக்கிறார்: “ஏண்டி கண்ணு, அந்த ஒரு இடத்தை மட்டும் நாலு தரம் மெதுவா வாசிச்சிட்டு அப்புறம் மேலே போயேன். எங்க பாட்டு வாத்தியார் அப்படித்தான் சொல்லுவார்.”

கும்பகோணத்தில் சிறுமியாக இருந்தபோது வாய்ப்பாட்டு கற்றவர் அவர். பியானோவில் எது ‘சி’, எது ‘டி’ என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதும், இசைப் பயிற்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் சொல்வதும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த அரை மணி நேரத்தில், ஏற்கெனவே நன்றாக வந்துகொண்டிருந்த முதல் பாதி ஒன்பது முறை வாசிக்கப்பட்டது. வராத இடம் ஒன்பது முறையும் தவறாகவே வாசிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் உள்ள 12 கட்டங்களை அவள் ஒரு தடவைகூட எட்டவில்லை. பயிற்சி என்று நாம் நினைத்தது, உண்மையில் தெரிந்ததை மேலும் தெரிந்துகொள்வதும், தவறை மேலும் உறுதிப்படுத்துவதும்தான்.

அதோடு முடியவில்லை. விரல்களுக்குச் சரி, தவறு என்ற பாகுபாடு கிடையாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதை அவை பழகிக்கொள்கின்றன. தவறான கட்டை, ஒரு தயக்கம், பிறகு திருத்தம் என்ற மூன்றையும் சேர்த்து ஒரே அசைவாக அந்தச் சிறுமியின் கை கற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால், அந்தத் தயக்கமும் பீஸின் ஒரு பகுதியாகிவிடும். தேர்வறையில், நெஞ்சு படபடக்கும்போது, அது தவறாமல் வந்து நிற்கும்.

கண்டோன்மென்ட் தந்த வழக்கம்

பெங்களூருக்கு மேற்கத்திய இசை, ராணுவத்தோடு வந்தது. 1809-ல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபின் பேண்டு வாத்தியங்களும், தேவாலயங்களின் ஆர்கனும், கான்வென்ட் பள்ளிகளின் பியானோவும் தொடர்ந்தன. அல்சூர், ஃப்ரேஸர் டவுன், காக்ஸ் டவுன் வட்டாரங்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் இந்த இசையை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றின. 1987-ல் அருணா சுந்தர்லால் தொடங்கிய பெங்களூர் ஸ்கூல் ஆஃப் மியூசிக், அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. மென்பொருள் நிறுவனங்கள் வந்தபின் பெருகிய அடுக்குமாடி வீடுகளில், ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கும் டிஜிட்டல் பியானோ இன்று சாதாரணக் காட்சி.

தமிழர்களுக்கு இதில் சினிமா வழியாகவும் ஓர் ஈர்ப்பு உண்டு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசைக்குறிப்பும் கற்ற இளையராஜாவின் கதை எல்லோருக்கும் தெரியும். 2019-ல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் 10 லட்சம் டாலர் பரிசு வென்றபோது, ரிம்ஸ்கி-கோர்ஸகோவின் ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’யை மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 208 தட்டு வேகத்திலும், பிறகு 325 தட்டு வேகத்திலும் வாசித்ததைப் பார்த்து அசந்துபோகாத பெற்றோர் இல்லை. ஆனால் மேடையில் தெரிவது வேகம் மட்டுமே. அதற்குக் கீழே இருக்கும் நிதானம் யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த நிதானத்துக்கு ஒரு பிரபலமான சாட்சி உண்டு. அமெரிக்கப் பியானோ கலைஞர் ஏப்ரம் சேஸின்ஸ், ரஷ்ய மேதை ராக்மனினாஃபைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார். உள்ளே யாரோ பியானோ பழகும் சத்தம். என்ன பீஸ் என்றே அடையாளம் தெரியாத அளவுக்கு மெதுவாக இருந்தது. சற்று நேரம் கேட்ட பிறகுதான் அது ஷோப்பானின் கடினமான பயிற்சி இசைகளில் ஒன்று என்று அவருக்குப் புரிந்தது. ஒரு தாளக் கட்டத்தைக் கடக்கச் சுமார் 20 விநாடி. வாசித்துக்கொண்டிருந்தவர் ராக்மனினாஃபேதான். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய பியானோ கலைஞர் என்று சொல்ல உலகில் அதிகம் பேர் இல்லை.

எவ்வளவு நேரம்? எப்படி?

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் அவருடைய சகாக்களும் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இந்த விஷயத்தில் பல பெற்றோர்களின் நம்பிக்கையை அசைக்கக்கூடியது. பியானோவை முக்கியப் பாடமாகப் படித்த 17 மாணவர்களுக்கு ஷஸ்டகோவிச்சின் ஒரு கான்செர்ட்டோவிலிருந்து மூன்றே தாளக் கட்டங்கள் தரப்பட்டன. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பழகலாம். சிலர் எட்டரை நிமிடத்தில் எழுந்துவிட்டார்கள். ஒருவர் 57 நிமிடம் பழகினார். மறுநாள் அனைவரையும் அழைத்து வாசிக்கச் சொன்னார்கள்.

யார் அதிக நேரம் பழகினார் என்பதற்கும், யார் நன்றாக வாசித்தார் என்பதற்கும் தொடர்பே இல்லை. எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் தொடர்பு இல்லை. வாசித்த தடவைகளில் எத்தனை சதவீதம் சரியாக வாசித்தார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. முதலிடங்களைப் பிடித்தவர்களும் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலவே தவறு செய்தார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகு வந்தது. தவறு நேர்ந்த இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள். அங்கே வேகத்தைக் குறைத்தார்கள். சரியாக நிலைபெறும்வரை அந்தத் துண்டை விடவில்லை. அதே தவறு மறுபடி தலைகாட்ட இடம் தரவில்லை.

இந்த ஆய்விலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது: தவறாக வாசிக்கும் தடவைகளைக் குறைக்க வேண்டும். பியானோ ஆசிரியர்கள் சொல்லும் பெரும்பாலான பயிற்சி முறைகள் இந்த ஒரே நோக்கத்துக்கான வெவ்வேறு வழிகள்தான்.

வெட்டு, பிரி, குறை

முதல் வழி, வெட்டுவது. பீஸை முழுதாகப் பழகாமல் இரண்டு அல்லது நான்கு கட்டத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டின் முதல் சுரத்தில் போய் முடிய வேண்டும். இல்லாவிட்டால் துண்டுகள் தனித்தனியாக நன்றாக வரும்; ஒட்டும் இடங்களில் மட்டும் தடுக்கும். மல்லேஸ்வரத்துச் சிறுமிக்கு 20-வது கட்டம் மட்டும் பிரச்சினை இல்லை. 19-லிருந்து 20-க்குத் தாவும் இடமும் பிரச்சினை.

இரண்டாவது, கைகளைப் பிரிப்பது. பெரும்பாலான பீஸ்களில் மெட்டு வலது கையில் இருக்கிறது. காதும் கவனமும் அதன் பின்னாலேயே போகின்றன. இடது கை ஏதோ கூட வருகிறது. மேடையில் மறதி வரும்போது முதலில் கழன்றுகொள்வதும் அந்த இடது கைதான். எனவே முதலில் இடது கையைத் தனியாக, மெட்டு இல்லாமலே பாடம் செய்வது நல்லது. பிறகு வலது கை. பிறகு இரண்டையும் மிக மெதுவாக, ஒவ்வொரு தட்டாகச் சேர்ப்பது.

மூன்றாவது, விரல் முறை. பியானோவில் கட்டை விரலுக்கு எண் 1, சுண்டு விரலுக்கு 5. ‘சி மேஜர்’ ஸ்கேலில் எட்டுச் சுரங்களுக்கு இருப்பது ஐந்து விரல். வலது கை மூன்று சுரம் வாசித்ததும் கட்டை விரல் உள்ளே நுழைந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இந்த நுழைவு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நடந்தால், கை ஒரே பீஸை அல்ல, பத்து வெவ்வேறு பீஸ்களைப் பழகுகிறது. முதல் நாளே விரல் எண்ணைப் பென்சிலால் குறித்து, அதை மாற்றாமல் இருப்பது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நான்காவது, வேகம். 1815-ல் மெட்ஸல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் இன்று செல்போனில் இலவசமாகவே கிடைக்கிறது. தவறே வராத வேகம் எதுவோ, அதில் தொடங்க வேண்டும். அது நிமிடத்துக்கு 50 தட்டாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால் 4 தட்டு கூட்டலாம். தடுக்கினால் 8 தட்டு இறங்க வேண்டும். ஏறும்போது சின்னப் படி, இறங்கும்போது பெரிய படி.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. மெதுவாக வாசிக்கும்போது கை செய்யும் சில அசைவுகள் வேகத்தில் உதவாது. மெதுவாக நடப்பவர் கால் வைப்பதுபோல் ஓடுபவர் வைக்க முடியாது அல்லவா? அதனால் மெதுவான பயிற்சியோடு கூடவே, நாலைந்து சுரங்களை மட்டும் உண்மையான வேகத்தில் வாசித்துச் சட்டென நிறுத்திப் பார்ப்பதும் தேவை. அந்தத் துணுக்குகளைப் பிறகு ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, பின்னாலிருந்து தொடங்குவது. கடைசி நான்கு கட்டத்தை முதலில் பாடம் செய்து, பிறகு அதற்கு முந்தைய நான்கைச் சேர்த்து, இப்படியே முன்னோக்கி வருவது. வழக்கமாகப் பழகும் குழந்தை, நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்தை நோக்கிப் போகிறது. போகப் போகப் பயம் கூடுகிறது. பின்னாலிருந்து பழகியவருக்கு ஒவ்வொரு அடியும் மேலும் நன்றாகத் தெரிந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறது.

பாட்டியின் பாடமுறை

இவை எல்லாம் மேலைநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌளை ராகத்தில் வகுத்துத் தந்தவர் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் என்று மரபு சொல்கிறது. அவர் பெயர் கன்னட மண்ணுக்குச் சொந்தம். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்லும் அந்த முறையில் மெதுவான பயிற்சி தானாகவே அடங்கிவிடுகிறது. ஒரு சின்ன வித்தியாசம்: மெட்ரோனோமில் தட்டின் வேகம் படிப்படியாக ஏறுகிறது. இங்கே தாளம் அசையாமல் நிற்க, அதற்குள் சுரங்கள் இரட்டித்து, நான்கு மடங்காகின்றன. இரண்டு முறையிலும் ஒரே கட்டளைதான்: கீழ்க்காலம் சுத்தமாக வராமல் மேல்காலம் கிடையாது.

இன்னொரு ஒற்றுமை அதைவிட முக்கியமானது. பாட்டு வாத்தியார் எவரும் ஒரு கீர்த்தனையை முழுதாகப் பாடிக் காட்டி, ‘இப்போது நீ பாடு’ என்று சொல்வதில்லை. பல்லவியில் ஒரு வரி. அதில் முதல் சங்கதி. அது வந்த பிறகு அடுத்தது. மாணவர் தவறினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, அந்தத் துண்டை மட்டும் திரும்பப் பாட வைப்பார். வெட்டுவதும், மெதுவாக்குவதும், தவறை உடனே திருத்துவதும் வாத்தியாரின் வேலை.

பியானோ மாணவருக்கு வாத்தியார் வாரத்தில் அரை மணியோ ஒரு மணியோதான். மீதி ஆறு நாளும் அவர் எதிரே இருப்பது இசைத்தாள். அச்சிட்ட தாள், மேலே இடது மூலையில் தொடங்கி கீழே வலது மூலையில் முடிகிறது. கண் அதே வழியில் போகிறது, கையும் போகிறது. எங்கே நிற்க வேண்டும் என்று தாள் சொல்வதில்லை. அதனால் தன்னுடைய வாத்தியார் தானே ஆக வேண்டிய பொறுப்பு, பதினோரு வயதுக் குழந்தை தலையில் விழுகிறது.

இந்த இரண்டு மரபுகளையும் ஒருசேர ஆண்ட ஒருவர் இதே ஊர் அரண்மனையில் வாழ்ந்தார். மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார், மேடைக் கலைஞராகும் கனவோடு பியானோ கற்றவர். 1940-ல் தந்தையும் பெரியப்பாவும் அடுத்தடுத்து மறைய, 21 வயதில் அரியணை ஏற நேர்ந்தது. கனவு முடிந்தது, பயிற்சி முடியவில்லை. ஆட்சியில் இருந்தபடியே 1945-ல் லண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியின் பட்டயத்தைப் பெற்றார். பின்னர் கர்நாடக இசையில் ஆழ்ந்து ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு 94 கீர்த்தனைகள் இயற்றினார். 1974-ல் பெங்களூர் அரண்மனையில் காலமானார்.

லண்டனில் வறுமையில் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிகலாய் மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டாகப் பதிவு செய்ய, 1949-ல் ஒரு சங்கம் அமைத்துப் பொருள் உதவி செய்ததும் அவர்தான். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்கே சமர்ப்பித்தார். மெட்னர் இறந்த பிறகு, அவர் பயிற்சியின்போது நோட்டுப் புத்தகங்களில் தனக்குத் தானே எழுதிக்கொண்ட அறிவுரைகள் தொகுக்கப்பட்டு 1963-ல் மாஸ்கோவில் நூலாக வெளிவந்தன. இத்தனை பெரிய கலைஞரும், எப்படிப் பழக வேண்டும் என்பதைத் தினமும் தனக்கே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று பீஸ், ஓர் ஆண்டு

பெங்களூரில் பியானோ கற்கும் குழந்தைகளில் பலர் லண்டன் வாரியங்களின் கிரேடு தேர்வுகளை நோக்கியே ஓடுகிறார்கள். டிரினிட்டி காலேஜ் லண்டன், 1889-ல் தொடங்கிய ஏ.பி.ஆர்.எஸ்.எம். ஆகிய இரண்டும் இவற்றில் பிரபலம். எட்டு கிரேடுகள். வழக்கமான தேர்வில் கிரேடுக்கு மூன்று பீஸ்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஜூன் மாதம் கையில் எடுத்த மூன்று பீஸ்கள் அடுத்த ஆண்டுத் தேர்வுவரை நீடிக்கின்றன. வேறு எதையும் தொடுவதில்லை. தேர்வு நாளில் குழந்தை அந்த மூன்றையும் அழகாக வாசித்துவிடுகிறது. சான்றிதழ் வருகிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாகிறது. ஒரு மாதம் கழித்து, இரண்டு கிரேடு கீழே உள்ள ஓர் எளிய பாட்டை எடுத்து முன்னால் வைத்தால், குழந்தை விழிக்கிறது. ஒவ்வொரு சுரமாக எழுத்துக்கூட்டுகிறது. ஆண்டுக்கு மூன்று கட்டுரையை மனப்பாடம் செய்து, நான்காவது கட்டுரையை வாசிக்கத் தெரியாத மாணவன் தமிழில் தேறினான் என்று சொல்வோமா?

தேர்வு வாரியங்களே இதை எதிர்பார்க்கவில்லை என்பதை மதிப்பெண் கணக்கு காட்டுகிறது. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் வழக்கமான செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பீஸ்களுக்கு 90. மீதி 60-ம் ஸ்கேல்களுக்கு 21, முன்பின் பார்த்திராத இசைத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பதற்கு 21, கேட்டு உணரும் திறனுக்கு 18 என்று பிரிகிறது. தேர்ச்சிக்கு 100 வேண்டும். மூன்று பீஸ்களில் முழு மதிப்பெண் வாங்கினாலும் தேற முடியாது. டிரினிட்டியில் 100-க்கு 66 பீஸ்களுக்குப் போகிறது, தேர்ச்சி 60. அங்கும் மீதியைப் புறக்கணித்து நல்ல தகுதி பெறுவது கடினம்.

எட்டாவது கிரேடு முடித்ததும், அதற்கு முன்பே பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததும், பியானோவின் மூடி சாத்தப்படுகிறது. அதன்மேல் குடும்பப் புகைப்படங்கள் ஏறுகின்றன. நேரம் இல்லை என்பது உண்மைக் காரணத்தில் பாதிதான். புதிதாக ஒன்றைத் தானாகக் கற்றுக்கொள்ளும் வழி அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை என்பது மறுபாதி. ஆசிரியர் இல்லாமல் ஒரு பீஸைக்கூடத் தொடங்கத் தெரியாதவருக்கு, வகுப்பு நின்ற அன்றே இசையும் நின்றுவிடுகிறது. எட்டு ஆண்டு உழைப்பும், அதற்குக் கட்டிய கட்டணமும், சுவரில் எட்டுச் சட்டங்களாக மிஞ்சுகின்றன.

இதற்கு மாற்று, இரண்டு தடங்களில் பழகுவது. ஒரு தடத்தில் தேர்வுக்கான கடினமான பீஸ்கள் மெதுவாக வளரட்டும். இன்னொரு தடத்தில், தன் நிலையைவிட இரண்டு படி எளிதான ஒரு சின்ன பீஸை வாரத்துக்கு ஒன்று வீதம் எடுத்து, ஏழு நாளில் முடித்துவிட வேண்டும். நூற்றுக்கு நூறு சுத்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆண்டுக்கு 40 பீஸ் பார்த்த குழந்தைக்கு இசைத்தாள் பயம் காட்டுவதில்லை.

இருபது நிமிடம் போதுமா?

பள்ளிப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் கழித்துக் களைத்து வரும் பெங்களூர்க் குழந்தையிடம், தினமும் ஒரு மணி நேரம் உட்கார் என்று சொல்வது எளிது, நடப்பது கடினம். நல்ல வேளையாக, மூளை வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் 1885-லேயே காட்டியதுபோல, ஒரே அமர்வில் திணிப்பதைவிட, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்ப்பது நினைவில் நிற்கிறது. தூக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. விரல்களை ஒரு வரிசையில் தட்டும் பழக்கத்தை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம், கூடுதல் பயிற்சி இல்லாமலே சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. பின்னர் வந்தவர்கள் இந்த அளவைக் கேள்வி கேட்டிருந்தாலும், இன்று பழகியதை மூளை இரவில் தொடர்ந்து பதிய வைக்கிறது என்ற கருத்து வலுவாகவே நிற்கிறது.

எனவே ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட, தினமும் இருபது நிமிடம் மேல். அதையும் இரண்டாகப் பிரிக்கலாம். காலையில் பேருந்து வருமுன் பத்து நிமிடம்: நேற்று தடுக்கிய இடம் மட்டும், மெதுவாக. மாலையில் பத்து நிமிடம்: புதிதாக ஒரு துண்டு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் முழு பீஸையும் நிறுத்தாமல், தவறினாலும் திரும்பிப் போகாமல், வீட்டாரை உட்கார வைத்து வாசிக்க வேண்டும். பழகுவது வேறு, நிகழ்த்துவது வேறு. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

பியானோ இல்லாத நேரமும் வீணில்லை. கார்ல் லைமரும் அவருடைய மாணவர் வால்டர் கீஸகிங்கும் 1930-களில் எழுதிய நூலில், இசைத்தாளை வெறுமனே படித்து, மனதுக்குள் கேட்டு, அதன்பின் பியானோவில் கை வைக்கும் முறையை விளக்கினார்கள். சில்க் போர்டு சந்திப்பில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் நேரத்தில் நான்கு கட்டங்களை இப்படி மனதில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். முழங்கை ஏறத்தாழ கட்டைகளின் மட்டத்தில் இருக்கும்படி ஸ்டூலின் உயரம் அமைய வேண்டும். வலி வந்தால் நிறுத்த வேண்டும். விரல்களுக்குச் சீக்கிரம் வலுவேற்ற ஆசைப்பட்டு மிதமிஞ்சிப் பழகிய ராபர்ட் ஷூமானின் வலது கை விரல் 1830-களின் தொடக்கத்தில் செயலிழந்தது. பியானோ மேடை அவருக்கு அதோடு முடிந்தது. அவர் இசையமைப்பாளராக எழுந்தது உலகத்தின் அதிர்ஷ்டம்.

இசை தெரியாத பெற்றோர் என்ன செய்வது? அவர்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: “மூன்றாவது வரியிலிருந்து வாசி, பார்க்கலாம்.” குழந்தை உடனே தொடங்கிவிட்டால் பீஸ் மனதில் இருக்கிறது. முதலிலிருந்து ஓடி வந்தால்தான் மூன்றாவது வரி வரும் என்றால், அது விரலில் மட்டும் இருக்கிறது. உளவியலாளர் ரோஜர் சாஃபின், பியானோ கலைஞர் கேப்ரியேலா இம்ரே பாக்கின் ‘இத்தாலியன் கான்செர்ட்டோ’வைக் கற்றதை 30 மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவு செய்து ஆராய்ந்தார். 2002-ல் நூலாக வந்த அந்த ஆய்வு காட்டியதும் இதைத்தான். தேர்ந்த கலைஞர் பீஸ் முழுக்க மைல்கற்களை நட்டு வைத்துக்கொள்கிறார். எந்தக் கல்லிலிருந்தும் புறப்பட முடியும். மேடையில் ஒரு சுரம் தவறினாலும் அடுத்த கல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம். ஆரம்பத்துக்கு ஓட வேண்டியதில்லை.

மல்லேஸ்வரத்தில் மணி ஐந்தே முக்கால். சிறுமி சற்றே கோபத்தோடு பென்சிலை எடுத்து 19, 20, 21 கட்டங்களைச் சுற்றி வட்டம் போடுகிறாள். வலது கை மட்டும். மிக மெதுவாக. ‘சி ஷார்ப்’ வருகிறது. மறுபடி, வருகிறது. மூன்றாவது முறையும் வருகிறது. இடது கையைத் தனியாகப் பார்க்கிறாள். இரண்டையும் சேர்க்கிறாள். ஒரு தடவை தடுக்குகிறது. இன்னும் மெதுவாக்குகிறாள். பிறகு 17-வது கட்டத்திலிருந்து தொடங்குகிறாள். 20-ஐத் தாண்டி, 24-ஐத் தாண்டி, அன்று முதன்முறையாக 32-வது கட்டத்தில் போய் நிற்கிறது கை.

எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே நறுக்கும் சத்தம் நின்றிருக்கிறது. “ம், இப்ப சரி. காலையிலே ஒரு தரம் அந்த இடத்தை மட்டும் பாத்துக்கோ” என்கிறார் பாட்டி. பீன்ஸ் அடுப்புக்குப் போகிறது.